சின்ன வீடு, ஒன்பது உகுலேலே: சுவத்துல மாட்டறதா, பெட்டியில வெக்கறதா?

நாலுதந்தி (கொழிஞ்சாம்பாறை)

எல்லாருக்கும் வணக்கம்ங்க. என்கிட்ட உகுலேலே, அதாங்க கிட்டார் மாதிரி நாலு தந்தி போட்ட சின்ன வாத்தியம், ஒன்பது சேர்ந்திருக்கு. சின்ன அளவுல இருந்து பெருசு வரைக்கும் சொன்னா, சோப்ரானோ நாலு, கான்சர்ட் மூணு, டெனர் ஒண்ணு, பாரிடோன் ஒண்ணு. அதுல ரெண்டு முழு மரம்: கோவாங்கற ஹவாய் மரத்துல செஞ்ச சோப்ரானோ ஒண்ணு, மஹோகனி கான்சர்ட் ஒண்ணு. ஆறு லாமினேட், மெல்லிய மரத்தகடுங்களை ஒட்டிச் செஞ்சது. மிச்சம் ஒண்ணு எங்க மாமா கப்பல்ல வேலை பார்த்த காலத்துல வாங்கிட்டு வந்த பழைய பிளாஸ்டிக் சோப்ரானோ. தலையில ஐலண்டர்னு எழுதியிருக்கு.

எங்களுது ஓட்டு வீடு. முன்னறை, உள்ளறை, பின்னாடி தகரம் போட்டு இறக்கின சமையக்கட்டு. நாலு பேரு இருக்கோம். இப்போதைக்கு நாலு சுவத்துல ஆணியில தொங்குது, மூணு கட்டிலுக்கு அடியில பையோட கிடக்குது, ரெண்டு ஸ்டீல் பீரோ மேல. பீரோ மேல இருக்கறதை எடுக்கணும்னா அம்மாவோட தையல் மிஷினை நகர்த்தித்தான் எடுக்கணும். சமையக்கட்டுக்கு மேல பரண் ஒண்ணு இருக்கு. "அதுல ஏத்தி வெச்சிரு"ன்னு வீட்டுல எல்லாரும் சொல்றாங்க. எனக்கு மனசு வரலை.

இடம் ஒரு பிரச்சனை. இன்னொண்ணு, ஆனி ஆடியில கோவா சோப்ரானோவுல தந்தி மேல ஏறிக்குது, அழுத்தினா விரல் வலிக்குது. அதே வாத்தியம் மார்கழி தையில விரல்பலகையில குறுக்க பதிச்சிருக்கற பிரெட் கம்பியோட நுனி வெளிய நீட்டிக்கிட்டு உள்ளங்கையைக் கீறுது. எங்க பக்கத்துக்காரங்களுக்குத் தெரியும், பாலக்காட்டுக் கணவாய்க்கு நேரா இருக்கோம். நெல்லியாம்பதி மலைக்கும் வடக்க வாளையார் மலைக்கும் நடுவுல சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மலையே இல்லை. ஆடியில மேக்கால ஈரக் காத்து, தையில கெழக்கால வறண்ட காத்து. மழை என்னவோ பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்காவோட இந்தக் கிழக்குக் கோடியில கம்மிதான், ஆனா காத்து விடறதில்லை.

சுவத்துல மாட்டறதா, பெட்டியில வெக்கறதா? ஒரே ஒரு வேண்டுகோள்ங்க, விக்கச் சொல்லாதீங்க.

செங்கோட்டைச்சாரல் (செங்கோட்டை)

தம்பி, சுவத்துலயே மாட்டுங்க. பூட்டி வச்ச வாத்தியத்தை யாரும் எடுத்து வாசிக்க மாட்டாங்க. எங்க பக்கம் ஆரியங்காவு கணவாய் வழியா சாரல் உள்ள வந்துரும்லா, ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் துவைச்ச துணி காயாது. அந்த நாள்ல பைக்குள்ள சிப் போட்டு மூடி வச்ச வாத்தியத்துக்குத்தான் பூசணம் பிடிக்கும். பையோட உள்துணி ஈரத்தை உறிஞ்சிட்டு விடவே விடாது. காத்தோட்டமாத் தொங்குற வாத்தியத்துல பூசணம் அண்டுறதை நான் பாத்ததில்லை.

ஆனா எந்தச் சுவருங்கறதுல கவனமா இருக்கணும். மழை அடிக்கிற தெக்கு, மேக்கு வெளிச்சுவரு ஆகவே ஆகாது. குளியலறைச் சுவரும் ஆகாது. சமையக்கட்டுக்கும் உள்ளறைக்கும் பொதுவா இருக்கிற சுவரும் வேண்டாம், ஆவி அடிக்கும். முன்னறைக்கும் உள்ளறைக்கும் நடுவுல நிக்குற சுவருதான் சரி, ரெண்டு முகமும் வீட்டுக்குள்ளதான இருக்கு. அதுல ஒரு மரப்பட்டியை நாலு இடத்துல திருகாணி போட்டு இறுக்கிட்டு, கொக்கியை எல்லாம் பட்டியில மாட்டுங்க. கொக்கிக்கு ஒரு ஓட்டைன்னு சுவத்தைத் துளைச்சா பழைய பூச்சு பொலபொலன்னு கொட்டிரும். பாரம் ஒண்ணுமில்லை, சோப்ரானோ ஒண்ணு அரை கிலோ கூட வராது. ரெண்டு பட்டி அடிச்சு மேல சோப்ரானோ, கீழ கான்சர்ட்னு வரிசை கட்டுனா ஆறடிச் சுவத்துல தாராளமாக் கொள்ளும். சோப்ரானோவுக்கு 9 இஞ்ச், கான்சர்ட்டுக்கு 10 இஞ்ச் இடைவெளி விட்டாப் போதும்.

பரண் பக்கமே போவாதீங்க. தகரத்துக்குக் கீழ, அடுப்புக்கு மேல. சூடும் ஆவியும் ஒண்ணாச் சேருற இடம். உகுலேலேவை ஒட்டியிருக்கிற கோந்து சூட்டுல இளகும். தந்தியைப் பலகையில பிடிச்சு நிக்குற பிரிட்ஜ் பெயர்ந்து வர்றதுக்கு அதைவிடத் தோதான இடம் வீட்டுல கிடையாது.

தறிச்சத்தம் (நகரி)

அண்ணா, சுவரா பெட்டியான்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி வீட்டுக் காத்தை அளந்து பாருங்க. நாங்க ஆந்திரா பக்கம், நகரி. வீட்டுல தறி ஓடுது. பருத்தி நூல் காஞ்சு போனா பாவு அறுந்துக்கிட்டே இருக்கும். சித்திரை வைகாசியில கொட்டகைத் தரையில தண்ணி தெளிப்போம், கோணிச்சாக்கை நனைச்சு ஜன்னல்ல தொங்க விடுவோம். காத்துல ஈரம் எவ்ளோன்றது எங்களுக்குச் சோத்துப் பிரச்சனை. அதனால சொல்றேன், தோலுக்குத் தெரியறதை நம்பாதீங்க. வேர்க்குதுன்னா ஈரம் ஜாஸ்தின்னு நினைச்சுக்குவோம். வெறும் சூடா கூட இருக்கும்.

ஈரப்பத மீட்டர் ஒண்ணு வாங்குங்க. டிஜிட்டல், தீப்பெட்டி சைஸ்ல கிடைக்குது, விலையும் கம்மி. ஆனா வாங்கின உடனே அதை நம்பிடக் கூடாது. கடையில ஒண்ணா இருக்கற ரெண்டு மீட்டர் ரெண்டு விதமா காட்டும். அதுக்கு உப்பு சோதனை இருக்கு. பாட்டில் மூடியில சாதா சமையல் உப்பு நிறைய போடுங்க. சொட்டுச் சொட்டா தண்ணி விடுங்க. உப்பு கரைஞ்சு தண்ணியா ஆகக் கூடாது, ஈர மணல் மாதிரி கட்டியா நிக்கணும். அந்த மூடியையும் மீட்டரையும் ஒண்ணுமேல ஒண்ணு படாம ஒரு ஜிப் கவர்ல வெச்சு மூடி, வெயில் படாத இடத்துல ராத்திரி பூரா விட்டுடுங்க. ஈர உப்பு மூடின இடத்துல காத்தை 75 சதவீதத்துலயே நிறுத்தி வைக்கும். காலையில மீட்டர் 75 காட்டினா சரி. 70 காட்டினா அது 5 கம்மியா காட்டுதுன்னு அர்த்தம், மீட்டர் பின்னாடி பேனாவால எழுதி வெச்சிடுங்க.

உகுலேலேவுக்கு 45ல இருந்து 55 வரைக்கும் நல்லது. 40க்குக் கீழ நாள்கணக்கா நின்னா முழு மரம் வெடிக்கும். 65, 70க்கு மேல மாசக்கணக்கா நின்னா ஊதும், பூசணமும் வரும். உங்களுக்கு ரெண்டும் ஒரே வருஷத்துல வருது. எங்களுக்கு வறட்சி மட்டும்தான், அதனால எங்க வழியை அப்படியே எடுத்துக்காதீங்க.

நாலுதந்தி (கொழிஞ்சாம்பாறை)

ரொம்ப நன்றிங்க அக்கா. மீட்டர் வாங்கி உப்பு சோதனையும் பண்ணிட்டேன். 72 காட்டுச்சு, அதனால 3 கூட்டிக்கறேன். கூட்டின பிறகு வர்ற கணக்கு இது: மழை தூறிட்டிருந்த நாள்ல சமையக்கட்டை ஒட்டின சுவத்துல 84. நடுச்சுவத்துல 76. கட்டிலுக்கு அடியில தரையோட 81. பீரோவுக்குள்ள, துணிங்களுக்கு நடுவுல, 68. பரண்ல மத்தியானம் 58தான் காட்டுச்சு, ஆனா வெப்பம் 41 டிகிரி, ராத்திரி சமையல் நேரத்துல 80க்கு ஏறிடுச்சு.

அண்ணாச்சி சொன்ன நடுச்சுவருதான் சுவருங்கள்ல நல்லது. ஆனா 76 கூட ஜாஸ்திதானே?

உளியும்கோந்தும் (கொல்லங்கோடு)

ஜாஸ்திதான். நான் மரவேலைக்காரன், வீணை, கிட்டார், உகுலேலே ரிப்பேர் பண்றேன். பக்கத்துலயே பெருவெம்பு இருக்கு, மத்தளமும் செண்டையும் செய்யற ஊர். அங்க பலாமரத்தை எத்தனை காலம் காய வெச்சுக் குடையறாங்கன்னு சின்ன வயசுல இருந்து பார்த்திருக்கேன். மரம் வெட்டின பிறகும் காத்தோட பேசிக்கிட்டேதான் இருக்கும்.

காத்துல ஈரம் 50 இருந்தா, நம்ம ஊர் வெப்பத்துல மரத்துக்குள்ள ஈரம் 9 சதவீதம் பக்கத்துல போய் நிக்கும். காத்து 80 ஆனா மரம் 16க்கு ஏறும். காத்து 30க்கு இறங்கினா மரம் 6. இந்த ஏற்ற இறக்கத்துல மரம் நீளவாக்குல கிட்டத்தட்ட மாறவே மாறாது, குறுக்குவாக்குலதான் விரியும் சுருங்கும். உகுலேலேவோட மேல் பலகை ரெண்டு மில்லிமீட்டர்தான். ஓரம் நாலாபுறமும் ஒட்டியிருக்கு. விரிஞ்சா போக வேற இடமில்லை, நடுவுல மேல புடைக்கும். பிரிட்ஜ் அதோட தூக்கிக்கும், தந்தி உயரும். அதுதான் உங்க ஆடி மாசக் கோவா. தையில விரல்பலகை சுருங்கும், உலோகம் சுருங்காது, அதனால பிரெட் நுனி வெளிய வரும். ரெண்டும் ஒரே வியாதி. கம்பி நுனியை அரம் போட்டு ராவிடலாம், ஆனா காத்தைச் சரி பண்ணாம ராவினா அடுத்த தையில திரும்ப வரும்.

லாமினேட் அப்படி இல்லை. மூணு மெல்லிய தகடு, நடுத்தகடோட நார் குறுக்க ஓடும். ஒண்ணு விரியப் பார்த்தா இன்னொண்ணு பிடிச்சு நிறுத்திக்கும். சத்தத்துல முழு மரத்துக்கு ஈடாகாது, உடம்பு கெட்டி. அதனால என் கணக்கு இதுதான்: ஒன்பதையும் ஒரே மாதிரி வெக்கணும்னு நினைக்காதீங்க. முழு மரம் ரெண்டையும் மூடின பெட்டிக்குள்ள, ஈரத்தைக் கட்டுப்படுத்தி வையுங்க. லாமினேட்டும் பிளாஸ்டிக்கும் அண்ணாச்சி சொன்ன நடுச்சுவத்துல தொங்கட்டும். உங்க வீட்டுல இருக்கற இடத்துக்கு ஒன்பதுக்கும் பெட்டி போட முடியாது, போடவும் தேவையில்லை. ரெண்டுக்கு மட்டும் நல்ல காத்து கொடுக்க முடியும். அதைக் கொடுங்க.

பட்டிக்கு மரம் வாங்கறப்போ ஒரு விஷயம். நம்ம பக்கம் விலை கம்மின்னு ரப்பர் மரப் பலகை கொடுப்பாங்க. ரப்பர் மரத்துல மாவுச்சத்து அதிகம், மருந்து ஏத்தாத பலகையில பொடிவண்டு தேடி வந்து முட்டை வைக்கும். கொஞ்ச நாள்ல குண்டூசி தலை அளவு ஓட்டையும், கீழ டால்கம் பவுடர் கணக்கா மெல்லிசு தூளும் தெரியும். அதைக் கொண்டு போய் வாத்தியத்துக்குத் தலைமாட்டுல அடிக்காதீங்க. தேக்கு வைரம், அதாவது மரத்தோட கெட்டியான உள்பாகம், இல்லைன்னா பலா வைரம் ஒரு துண்டு போதும், வெளிப்பக்கத்து வெள்ளைப்பாகம் இல்லாம பார்த்து வாங்கணும்.

கொக்கியில ரப்பரோ ஸ்பாஞ்சோ சுத்தியிருந்தா அதுவும் கவனிக்கணும். நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் அடிச்ச வாத்தியத்தை அது அரிக்கும், கழுத்துல கறுப்பா பிசுபிசுன்னு தழும்பு விழும். பாலியூரிதேன் அடிச்சதுக்குப் பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. எது என்னன்னு தெரியலைன்னா கொக்கியில பழைய பருத்தித் துணி சுத்திடுங்க.

செங்கோட்டைச்சாரல் (செங்கோட்டை)

கொல்லங்கோட்டுக்காரரு சொல்லுததுல எனக்கு மறுப்பு இல்லை, ஆனா ஒரு சந்தேகம். பெட்டின்னா உள்ள ஈரத்தை உறிஞ்சுற சிலிக்கா மணி போடணும், அது நிறைஞ்சா மாத்தணும். வேலைவெட்டிக்குப் போற மனுசன் அதைத் தொடர்ந்து பாப்பானா? மறந்துட்டா மூடின பெட்டி ஈரப் பெட்டிதான. ஹவாயில பிறந்த வாத்தியம், கடல் நடுவுல இருக்கிற தீவு. ஈரம் தாங்காதுன்னா அங்கயே பிழைச்சிருக்காதே?

இன்னொண்ணு, தொங்குற வாத்தியத்துல குளவி கூடு கட்டும். மாசக்கணக்கா எடுக்காம விட்டா சத்தத் துளைக்குள்ள மண்ணைக் கொண்டாந்து ஒட்டிரும். ஈரமண்ணு, உள்பலகையில அப்படியே காயும். சுரண்டுனா மரத்தோட வரும். அதனால துளையை மூடுற மாதிரி ஒரு மெல்லிய வலைத்துணி, இல்லன்னா வாராவாரம் எடுத்து வாசிக்கணும். ரெண்டாவதுதான் நல்ல வழி.

உளியும்கோந்தும் (கொல்லங்கோடு)

அண்ணாச்சி, ஹவாய் விஷயம் நல்ல கேள்வி. 1879ல ராவன்ஸ்கிராக் கப்பல்ல மடெய்ரா தீவுல இருந்து ஹொனலூலுவுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவங்கள்ல மூணு பேர் மரவேலைக்காரங்க: மானுவல் நூனெஸ், அகஸ்தோ டியாஸ், ஜோசே தோ எஸ்பிரிட்டோ சான்டோ. அவங்க ஊர் மஷேட் வாத்தியத்தை அந்த மண்ணுல வளர்ற கோவா மரத்துல செய்ய ஆரம்பிச்சாங்க. அந்த மரம் அங்க காத்துலயே காஞ்சு, அங்க காத்துலயே ஒட்டப்பட்டு, அங்கயே இருந்தது. எந்த ஈரத்துல ஒட்டினாங்களோ அதுல இருந்து ரொம்ப விலகாம இருந்தா மரத்துக்கு வலி இல்லை. தம்பி வீட்டுல ஆடிக்கும் தைக்கும் நடுவுல இருக்கற தூரம்தான் பிரச்சனை. வருஷம் பூரா 65லயே நின்னா கூட கோவா சமாளிச்சிக்கும். 84க்குப் போய் 30க்கு இறங்கி வர்றதுதான் அதை உடைக்குது.

சிலிக்காவை மறந்துடுவாங்கங்கறது நியாயமான பயம். அதுக்காகத்தான் நிறம் மாறுற சிலிக்கா. ஆரஞ்சு நிறத்துல இருந்தா காஞ்சிருக்கு, பச்சை ஆனா நிறைஞ்சிடுச்சு. நீல நிறம் வேண்டாம், அதுல கோபால்ட் குளோரைடு இருக்கு, குழந்தைங்க இருக்கற வீட்டுக்கு ஆகாது. நிறைஞ்சதை 120 டிகிரியில ஓவன்ல ஒண்ணு ரெண்டு மணி நேரம் வெச்சா திரும்பக் காஞ்சிடும். மழைக்கால வெயில்ல வெச்சா காயாது, காத்துல இருக்கற ஈரத்தை இன்னும் குடிச்சுட்டு வரும்.

இதைவிட முக்கியம், அளவுக்கு மீறிப் போடக்கூடாது. சிலிக்காவுக்கு நிறுத்தத் தெரியாது. சின்னப் பெட்டியில நிறைய போட்டா 25க்கு இழுத்துட்டுப் போயிடும், ஆடி மாசத்துலயே பலகை வெடிக்கும். 100 கிராமுல ஆரம்பிச்சு, பெட்டிக்குள்ள மீட்டரை வெச்சு, 50 பக்கத்துல வந்தா நிறுத்திக்குங்க. துணிப்பையில கட்டி மூலையில வைக்கணும், மரத்துல படக்கூடாது. வசதி இருந்தா இருவழிப் பாக்கெட் கிடைக்குது, 49 சதவீதம்னு எழுதியிருக்கும். ஈரம் கூடினா உறிஞ்சும், குறைஞ்சா வெளிய விடும். விலை அதிகம், ஆனா தை மாசத்துக்கும் சேர்த்து வேலை செய்யும். ரெண்டு வாத்தியத்துக்குத்தானே, கட்டுப்படியாகும். முழுசா மழைக்காலத்தை அது மேல ஏத்தாம ஆடியில சிலிக்கா, தையில இருவழிப் பாக்கெட்னு வெச்சுக்கிட்டா பாக்கெட் நாள்படும்.

ஏலக்காத்து (குமுளி)

கட்டிலுக்கு அடியில 81னு படிச்சதும் எழுதணும்னு தோணுச்சு. எங்க மலையிலயும் இதே கதை. சிமெண்ட் தரை மழைக்காலத்துல வேர்க்கும், தரையோட இருக்கறதுதான் முதல்ல நனையும். பெட்டியை நாலு செங்கல் மேலயோ, சக்கரம் வெச்ச பலகை மேலயோ தூக்கி வைங்க, கீழ காத்து போகணும். கரையான் வந்தாலும் செங்கல்ல மண்வரி ஏறுறது கண்ணுக்குத் தெரியும், தரையோட ஒட்டி இருந்தா தெரியாது. சுவத்தை விட்டும் நாலு இஞ்ச் தள்ளி.

பெட்டிக்கு தனியா ஆர்டர் கொடுக்க வேண்டாம். கட்டிலுக்கு அடியில வைக்கிற மாதிரி தட்டையான, நாலு பக்கமும் கிளிப் இருக்கற பிளாஸ்டிக் பெட்டி பாத்திரக் கடையிலயே இருக்கும். மூடி ஓரத்துல ரப்பர் வளையம் இருக்கான்னு மட்டும் பார்த்து வாங்குங்க. இல்லைன்னா கதவு இடுக்குல ஒட்டற ஸ்பாஞ்சு டேப்பை உள்ஓரத்துல ஒட்டிடலாம். உள்ள ஒரு காகிதத் துண்டை மூடியில பிடிக்கற மாதிரி வெச்சு மூடி, இழுத்துப் பாருங்க. சுலபமா வந்துட்டா அந்த இடத்துல காத்தும் போகுது.

ஒரு சந்தேகம் கேட்டுக்கறேன். பெட்டிக்குள்ள வைக்கும்போது தந்தியைத் தளர்த்தணுமா?

உளியும்கோந்தும் (கொல்லங்கோடு)

வேண்டாம். எஃகுத் தந்தி போட்ட கிட்டார்ல ஆறு தந்தியும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல இழுக்கும். உகுலேலேவுல நைலானோ ஃப்ளோரோகார்பனோ, நாலும் சேர்ந்து 20 கிலோ அக்கம்பக்கம்தான். அந்த இழுவையைத் தாங்கத்தான் அதைச் செஞ்சிருக்காங்க. தளர்த்தி வெச்சா எடுத்த உடனே வாசிக்க முடியாது, சுருதி நிக்க நேரமாகும், அப்புறம் எடுக்கவே தோணாது. தந்தி முறுக்கறதுக்குப் பல்சக்கரம் இல்லாத உராய்வு முளை இருக்கற பழைய சோப்ரானோன்னா மட்டும் தையில முளை சுருங்கி சுருதி தானா இறங்கும், திருகாணியைக் கால் சுற்று இறுக்கினா சரியாயிடும். எஃகுத் தந்தியை மட்டும் உகுலேலேவுல எப்பவும் மாட்டாதீங்க.

மாசத்துக்கு ஒரு தடவை ஒரு சோதனை. சாதாரண நோட்டுக் காகிதத்தோட மூலையை பிரிட்ஜோட பின் ஓரத்துல, பலகையும் பிரிட்ஜும் சேருற இடத்துல நுழைச்சுப் பாருங்க. உள்ள போச்சுன்னா கோந்து விட ஆரம்பிச்சிருக்கு. அப்போ தந்தியை இறக்கிட்டு என்கிட்டயோ வேற ஆள்கிட்டயோ கொண்டு போங்க. அந்த நேரத்துல வந்தா சின்ன வேலை. பெயர்ந்து பறந்த பிறகு வந்தா பலகையோட நாரும் கூடவே வந்திருக்கும்.

நாலுவரிடீச்சர் (வேலந்தாவளம்)

எல்லாருடைய பதிலையும் படித்தேன். நான் தமிழ்வழிப் பள்ளியில் பாடம் எடுக்கிறேன், சாயங்காலம் பிள்ளைகளுக்கு உகுலேலே சொல்லித் தருகிறேன். பாதுகாப்பைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம், வாசிப்பதைப் பற்றியும் பேச வேண்டும்.

கண்ணில் படுவதைத்தான் பிள்ளைகள் எடுக்கிறார்கள். எங்கள் வகுப்பறையில் அலமாரியில் இருந்தவை அப்படியே இருந்தன, சன்னலோரக் கொக்கியில் தொங்கியவைதான் தினமும் கைமாறின. ஆகவே நாலுதந்தி தம்பி, சுவரில் மாட்டும்போது ஒரு லாமினேட் சோப்ரானோவை மட்டும் பட்டியின் கடைசியில், கதவுப் பக்கம், உட்கார்ந்த இடத்திலிருந்து கை எட்டும் உயரத்தில் மாட்டுங்கள். வீட்டில் நாலு பேர் என்றீர்கள். எடுக்கச் சுலபமாக இருந்தால் மற்ற மூவரும் எடுப்பார்கள். அவர்கள் வாசிக்க ஆரம்பித்துவிட்டால் பரணில் ஏற்று என்ற பேச்சே எழாது.

பெட்டிக்குள் இருக்கும் கோவாவையும் வாரம் ஒருமுறை வெளியே எடுங்கள். ஒரு மணி நேரம் 76 சதவீதக் காற்றில் இருப்பதால் மரத்துக்கு ஒன்றும் ஆகிவிடாது, மரம் அவ்வளவு வேகமாக ஈரம் குடிக்காது. வாசித்து முடித்ததும் தந்தியையும் விரல்பலகையையும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்துவிட்டு உள்ளே வையுங்கள். வியர்வையோடு மூடினால் தந்தியை முறுக்கும் முறுக்காணியின் உலோகம்தான் முதலில் கறுக்கும்.

மாமா வாங்கி வந்த ஐலண்டர் பற்றி ஒரு எச்சரிக்கை. அது மாரியோ மக்காஃபெரி 1949ல் கொண்டுவந்த வாத்தியம். அமெரிக்காவில் லட்சக்கணக்கில் விற்றது. அதன் உடல் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். ஈரம் அதை ஒன்றும் செய்யாது, பூசணமும் வண்டும் அண்டாது. ஆனால் நாப்தலின் உருண்டையின் ஆவி பாலிஸ்டைரீனை இளக்கும். பீரோவில் துணிகளோடு அந்துருண்டை போட்டிருந்தால் அந்தப் பீரோவுக்குள் அதை வைக்கவே கூடாது. பாட்டிமார் வேப்பிலை போடச் சொல்வார்கள். பச்சை இலை ஈரத்தைத்தான் கொண்டுவரும், வாத்தியப் பெட்டிக்கு அதுவும் வேண்டாம்.

தறிச்சத்தம் (நகரி)

டீச்சர் சொன்னது ரொம்ப சரி. எங்க வீட்டு பீரோவுல எப்பவும் அந்துருண்டை இருக்கும், பட்டுக்குப் போடுவாங்க. இப்பவே என் தங்கச்சியோட பச்சை பிளாஸ்டிக் உகுலேலேவை வெளிய எடுத்துட்டேன். அது எந்த பிளாஸ்டிக்னு தெரியாது, எதுக்கு வம்பு.

தை மாசத்துக்கு ஒரு வழி சொல்றேன் அண்ணா. இருவழிப் பாக்கெட் வாங்க முடியாத நேரத்துல, சோப்பு டப்பா ஒண்ணுல மூடியில ஊசியால ஓட்டை போட்டு, உள்ள சின்ன ஸ்பாஞ்சுத் துண்டை நனைச்சுப் பிழிஞ்சு வெச்சு, அந்த டப்பாவைப் பெட்டி மூலையில வைங்க. தண்ணி சொட்டக் கூடாது, நல்லாப் பிழியணும். மீட்டர் 50 தாண்டினா டப்பாவை வெளிய எடுத்துடுங்க. கொட்டகைக்கு நாங்க செய்யறது இதேதான், அளவுதான் சின்னது.

செங்கோட்டைச்சாரல் (செங்கோட்டை)

சரி, ரெண்டு முழு மரத்துக்குப் பெட்டின்னு நானும் ஒத்துக்கிடுதேன். மீட்டரை உள்ள வச்சு மூடியில கண்ணாடி மாதிரி தெரியுற பெட்டியா வாங்குனா, திறக்காமலே எண்ணைப் பாக்கலாம். பாக்கது சுலபமா இருந்தாத்தான் பாப்போம். என்கிட்ட முழு மரம் ஒரு மஹோகனி டெனர் சுவத்துல தொங்குது, இந்தச் சாரலுக்கு முன்னாடி அதுக்கும் ஒரு பெட்டி பாக்கணும்.

நாலுதந்தி (கொழிஞ்சாம்பாறை)

எல்லாரும் இவ்வளவு தூரம் எழுதினதுக்கு ரொம்ப நன்றிங்க. வேலையை ஆரம்பிச்சுட்டேன்.

கொழிஞ்சாம்பாறைச் சந்தைக்குப் பக்கத்துல பழைய வீடு இடிச்ச மரம் விக்கற இடத்துல பலா வைரத்துல ஆறடிப் பட்டி ரெண்டு கிடைச்சுது. பழைய மரம், நல்லாக் காஞ்சது, மஞ்சள் மாறி செம்பு நிறத்துக்கு வந்திருக்கு. வெள்ளைப்பாகம் துளி கூட இல்லை. நடுச்சுவத்துல அடிச்சாச்சு. மேல் பட்டியில லாமினேட் சோப்ரானோ ரெண்டு, ஐலண்டர். கீழ்ப் பட்டியில லாமினேட் கான்சர்ட் ரெண்டு, டெனர். டீச்சர் சொன்ன மாதிரி மேல் பட்டி சோப்ரானோல ஒண்ணைக் கதவுப் பக்கம் தனியா ஒரு கொக்கி போட்டுத் தாழ்வா மாட்டியிருக்கேன். தங்கச்சி பையன் வந்தவுடனே அதைத்தான் எடுத்தான்.

கோவாவும் மஹோகனியும் கட்டிலுக்கு அடியில கிளிப் பெட்டியில, செங்கல் மேல. பெட்டி உள்நீளம் 28 இஞ்ச், தலைமாறிப் படுக்க வெச்சா ரெண்டும் நடுவுல துணி விட்டு இடிக்காம கொள்ளுது. 100 கிராம் ஆரஞ்சு சிலிக்கா போட்டதுல மொதல்ல 61ல நின்னுச்சு, இன்னும் 50 கிராம் போட்டதும் 52. கோவாவுல தந்தி கொஞ்சம் கொஞ்சமா இறங்கிட்டு வருது, 12ஆவது பிரெட்ல முன்ன இருந்த உயரம் இப்போ இல்லை.

மிச்சம் பாரிடோன் மட்டும்தான். 30 இஞ்ச் நீளம், பெட்டியில கொள்ளாது. பட்டியில மாட்டினா கீழ இருக்கற தையல் மிஷின் மேல இடிக்குது. லாமினேட்தான். பீரோவுக்குள்ள வெக்கலாமாங்க? அம்மா அந்துருண்டையை எடுத்துடறேன்னு சொல்லிட்டாங்க.

உளியும்கோந்தும் (கொல்லங்கோடு)

வெக்கலாம். நம்ம ஊர் ஸ்டீல் பீரோ பெரும்பாலும் மூணடி அகலம், உள்ள 34 இஞ்ச் கிடைக்கும். பாரிடோனைப் பையோட கீழ்த் தட்டுல படுக்க வையுங்க, முகம் மேல பார்க்கணும், மேல எதையும் அடுக்கக் கூடாது. அந்துருண்டை எடுத்த பிறகு கதவைத் திறந்து வெச்சு வாசம் போற வரைக்கும் விடுங்க, இல்லைன்னா சத்தத் துளைக்குள்ள ஏறின வாசம் லேசுல போகாது. பீரோவோட முதுகு மேக்கு வெளிச்சுவத்தை ஒட்டி இருந்தா நாலு விரக்கடை முன்னாடி இழுத்துப் போடுங்க. மத்தியான வெயில்ல அந்தச் சுவரு சுடும், தகடு அந்தச் சூட்டை அப்படியே உள்ள கொண்டுவரும்.

தையில பாரிடோன் பிரெட் நுனியையும் ஒருதடவை விரலால தடவிப் பாருங்க. உடம்புதான் லாமினேட், விரல்பலகை முழு மரம்தான்.